இன்னிக்கு உங்க வேலை என்ன, சார்?

“உலகத்துல ரெண்டு பேருக்குத்தான் அறிமுகம் தேவையில்ல. ஒருத்தர் சூரியன். இன்னொருத்தர் நான்.”

சொன்ன பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. அதனால் ஆபரேஷன் தியேட்டரில் வேறு யாரும் சிரிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘இடி’ என்று பெயர். முகத்துக்கு நேரே அதைச் சொல்லிப் பார்க்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் ஆயுள் கெட்டியில்லை.

மேஜையில் ஒரு கல்லூரிப் பெண் மயக்கத்தில் கிடந்தாள். குடல்வால் வீங்கி, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்ற நிலை.

“சூரியன் இங்க வர்றதில்ல சார். நீங்க வந்திருக்கீங்க. அதனால சொல்லிடுங்க,” என்றாள் அசிஸ்டென்ட்.

பிசிஷியன் அசிஸ்டென்ட். வருஷக்கணக்காகப் பெரிய டாக்டரின் பக்கத்தில் நின்றவள். அவர் திறந்த வயிறுகளைத் தைத்து மூடியது அவள்தான். போன வாரம் நிர்வாகம் அவளை எல்லாத் தியேட்டர்களுக்கும் தலைவி ஆக்கிவிட்டது. பதவிதான் மாறியது. கூப்பிடுகிறவர்களுக்கு அவள் இன்னும் அசிஸ்டென்ட்தான்.

அவள் போட்ட முதல் சட்டம் இது: கத்தி வைப்பதற்கு முன், அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அன்றைக்கு அங்கே தன் வேலை என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருத்தர் சொல்லாவிட்டாலும் ஆபரேஷன் தொடங்காது. இன்றுதான் முதல் நாள். இன்றைக்குப் பெரிய டாக்டர் நழுவிவிட்டால், நாளைக்கு வாசல் பெருக்குகிறவர் கூட மதிக்க மாட்டார்.

“இது தியேட்டரா, ஒண்ணாங்கிளாஸா? வரிசையா நின்னு ‘உள்ளேன் டீச்சர்’ சொல்லணுமா?”

“‘அவர் பார்த்துக்குவார்’னு ஆளாளுக்கு நினைச்சா, கடைசியில யாருமே பார்க்கறதில்ல சார்.”

“நான் கத்தி பிடிச்சப்போ நீ பால் பாட்டில் பிடிச்சுக்கிட்டு இருந்த!”

“ஆமா சார். அதைக் கீழ வெச்சுட்டுத்தான் உங்ககிட்ட வந்து சேர்ந்தேன்.”

நர்ஸ் இருமினாள். சிரிப்பை இருமலாக மாற்றுவது அந்தத் தியேட்டரில் அடிப்படைப் பயிற்சி.

“கிளவுஸ்!” என்று பெரிய டாக்டர் உறுமினார். நர்ஸ் நீட்டினாள். இடது கைக்கானதை வலது கையில் திணிக்கப் பார்த்து, முடியாமல், கிளவுஸ் செய்தவனின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார். அசிஸ்டென்ட் அதைப் பார்த்தாள். மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

“ஆரம்பிக்கலாம்.”

“இவங்களைத் தூங்க வெச்சாச்சு. பத்திரமா எழுப்பறது என் வேலை,” என்றார் மயக்க மருந்து டாக்டர்.

“கேட்டதைக் குடுக்கறது, குடுத்ததைத் திரும்ப எண்ணி வாங்கறது என் வேலை,” என்றாள் நர்ஸ்.

சின்ன டாக்டர் பெரிய டாக்டரை ஓரக்கண்ணால் பார்த்தார். “குடல்வாலை எடுக்கறது... என் வேலை.”

“நீயா?” இடி இறங்கியது. “அப்போ நான் எதுக்கு வந்திருக்கேன்? வேடிக்கை பார்க்கவா? தள்ளு அந்தப் பக்கம்!”

சின்ன டாக்டர் தள்ளி நிற்கத் தயாராகத்தான் இருந்தார். அசிஸ்டென்ட்டின் கண்கள் அவரை அங்கேயே நிற்க வைத்தன.

“இன்னிக்கு டியூட்டி அவருக்குத்தான் சார். நீங்க இன்னும் சொல்லல.”

“நான் யாருன்னு இந்தச் சுவத்தைக் கேளு, சொல்லும்!”

“சுவத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னிக்கு இங்க உங்க வேலை என்னன்னு நீங்கதான் சொல்லணும்.”

“ஒரு போன் போட்டேன்னா, சாயங்காலத்துக்குள்ள உன் நாற்காலி காலி. தெரியுமில்ல?”

“போட்டுக்கங்க சார். மறுபடியும் தையல் போட வந்துடறேன். கை இன்னும் மறக்கல.”

“ரொம்ப நேரம் காத்திருக்க முடியாது,” என்றார் மயக்க மருந்து டாக்டர், யார் முகத்தையும் பார்க்காமல்.

அசிஸ்டென்ட் பெரிய டாக்டரின் அருகே வந்தாள். குரலைத் தணித்தாள்.

“சார், இந்தப் பொண்ணு நல்லபடியா கண்ணு முழிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். உங்களை அவமானப்படுத்தறதுக்காகக் கேக்கல.”

பெரிய டாக்டர் வாயைத் திறந்தார். அடுத்த இடிக்கு எல்லோரும் தயாரானார்கள். இடி வரவில்லை.

மேஜையின் குறுக்கே கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் போய், தூங்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். பிறகு கிளவுஸைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் வந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நான் இவளோட அப்பா,” என்றார், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில். “வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கறது என் வேலை.”