எட்டாவது தட்டில் இருப்பவள்

"இன்னிக்கு அவ கெடைச்சிருவா தேவகுமாரி. பதினஞ்சு வருசமாத் தேடறேன்" என்று கட்டின மனைவியிடமே சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த கத்திரிக்கோலையும் வாங்கிக்கொண்டார் ஸ்தனிஸ்லாஸ். மடியில் மஸ்கட்டிலிருந்து வந்த பார்சல்.

"ஏனுங்க, அந்தப் பொம்பளைக்கு என்ன வயசு இருக்கும்?"

"குரலுக்கு ஏது வயசு? நீ போய்க் காப்பி போடு."

தேவகுமாரி போனாள். போகிற வேகத்திலேயே அவள் மனசு தெரிந்தது, ஸ்தனிஸ்லாஸுக்குத்தான் தெரியவில்லை.

அவர் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் கணக்கெழுதும் ரைட்டர். 1979-ல் எஸ்டேட் பங்களாவுக்கு விருந்தாளியாக வந்த ஒரு வெள்ளைக்காரர், கர்னல் ஸெனித் என்ற அமெரிக்கரின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். வாசிப்பது ஜாஸ். ஆனால், தான் பிறந்தது ஒரு வால்நட்சத்திரத்தில் என்று சொல்லிக்கொள்கிற ஆசாமி. இரண்டே நிமிடம் கேட்ட ரைட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

கெஞ்சிக் கூத்தாடி, ஒரு பகலுக்கு மட்டும் தட்டையும் ரெக்கார்ட் பிளேயரையும் வீட்டுக்கு வாங்கி வந்தார். ஒயர் மாட்டிப் பதிகிற வசதியெல்லாம் அவரிடம் ஏது? ஸ்பீக்கருக்கு எதிரே டேப்ரெக்கார்டரை வைத்தார். முன்னறைப் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

பட்டனை அமுக்கிவிட்டு ஒரே ஓட்டமாக ரோட்டுக்கு ஓடினார். ஜீப் ஆரன் சத்தம் பதிவாகிவிடக் கூடாதே! தட்டு முடிகிறவரை வீட்டுக்கு மேலே இருந்த வளைவில் நின்று, வருகிற வண்டிகளையெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு ஆரன் அடிக்காமல் அனுப்பிவைத்தார்.

அந்தக் கேசட்டில்தான் அவள் இருந்தாள். பத்தாவது நிமிடம் ட்ரம்பெட் எல்லாம் அடங்குகிற நேரத்தில், எங்கேயோ தூரத்தில் வார்த்தையே இல்லாமல் ஒரு பெண் பாடத் தொடங்குவாள். கூடவே கரகரவென்று ஒரு தாளம் சுற்றிச் சுற்றி வரும்.

தினம் சாயங்காலம் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அவளைக் கேட்பார். கேட்டுக் கண் கலங்குவார். அந்த நேரத்தில் தேவகுமாரி ஏதாவது பேச வந்தால் கையாலேயே விரட்டுவார். அவளை ஒரு சினிமாவுக்குக்கூட சேலத்துக்குக் கூட்டிப் போனதில்லை. ஆனால் அந்தப் பாடகியின் பெயரைக் கேட்டு மட்டும் அமெரிக்காவுக்கு மாதம் ஒரு கடிதம் போகும். பதில் ஒன்றுகூட வந்ததில்லை.

இப்போது ஒரு கம்பெனி ஸெனித்தின் பழைய தட்டுகளை ஒவ்வொன்றாக சி.டி.யில் மறுபடி வெளியிடுகிறது. மஸ்கட்டில் இருக்கும் மச்சினன் வாங்கி அனுப்புகிறான். வந்த ஏழிலும் அவள் இல்லை. இந்த எட்டாவதுதான் அன்றைக்குப் பங்களாவில் கேட்ட அதே தட்டு. இதன் அட்டையில் அவள் பெயர் இருந்தே ஆக வேண்டும்.

அட்டையில் பதினோரு பெயர்கள் இருந்தன. பதினொன்றும் ஆண்கள்.

சர்ச்சில் பாட்டுக் குழு நடத்தும் ஜேசுதாஸ் மாஸ்டரைச் சாட்சிக்கு வரவழைத்திருந்தார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். பத்தாவது நிமிடம் வந்தது, ட்ரம்பெட்டுகள் அடங்கின. அதற்கப்புறம் ஒரு பியானோ மட்டும் டொய்ங் டொய்ங் என்று தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"வெட்டிட்டானுங்க மாஸ்டர்! புதுசாப் போடறேன்னு சொல்லி உசுரையே வெட்டிட்டானுங்க!" ஸ்தனிஸ்லாஸின் குரல் உடைந்துவிட்டது. "இனி எங்கீங்க போய்த் தேடுவேன் அவளை?"

"மனசை உட்டறாதீங்க ரைட்டரே. அந்தக் கேசட்டைப் போடுங்க, நானும் கேக்கறேன். ரெண்டு பேருமாக் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்காரனுக்குக் காட்டமா ஒரு லெட்டர் எழுதிருவோம்."

இருந்தது ஒரு இயர்போன். கேட்க வேண்டியவர்கள் இரண்டு பேர். வேறு வழியில்லாமல், முதல்முறையாக இயர்போனைப் பிடுங்கிவிட்டுக் கேசட்டைச் சத்தமாக வைத்தார் ஸ்தனிஸ்லாஸ்.

அவள் பாடினாள். வீடு முழுக்கக் கேட்டது.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "அடேங்கப்பா! நொம்பப் பெரிய எடத்துப் பாடகியா இருக்குமுங்க. நம்மூர்ப் பொம்பளைங்க தலைகீழா நின்னாலும் இது வராதுங்க. அந்தத் தாளம் என்ன வாத்தியமுன்னே புடிபட மாட்டேங்குதே?"

"அது இந்த ஒலகத்து வாத்தியமே இல்லீங்க மாஸ்டர்" என்றார் ஸ்தனிஸ்லாஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவ மட்டும் எம்முன்னால வந்து நிக்கட்டும், கால்லயே உழுந்துருவேன்."

காப்பியோடு வந்த தேவகுமாரி நடுவழியில் நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு தம்ளர்களை ஸ்டூலில் வைத்துவிட்டு, புருஷனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"ஏனுங்க, அன்னிக்கு நான் உள்ளார பாடிக்கிட்டே மாவாட்டிட்டு இருந்தனுங்க."