குறைந்த கூட்டம்

அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. ஆய்வுக் கூட்டத்தில் இயக்குநரே எழுந்து வந்து கைகொடுத்திருந்தார்.

"கூடுதல் டாக்டர் கேட்கல, நிதி கேட்கல. ஒரே மாசத்துல புறநோயாளிக் கூட்டம் பாதியாயிடுச்சே! என்ன மந்திரம் போட்டீங்க?"

"ஒண்ணுமில்ல சார், ஒரு பிரிவை இடம் மாத்தினேன். சும்மா வந்து உட்கார்ந்திருந்தவங்க தானா நின்னுட்டாங்க. நிஜமா நோவு இருக்கிறவங்க எப்படியும் வந்துருவாங்க."

"பிரமாதம்! எல்லா ஆஸ்பத்திரியிலயும் இதையே செய்யச் சொல்றேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளைக்கும்மா இந்தத் தைலம்? நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டக் கூடாதா?"

"இன்னிக்குக் காலையில வந்தேனேப்பா."

"வந்தியா? என்கிட்ட யாரும் சொல்லலையே!"

"நான் யார்னு யாருக்கும் சொல்லிக்கல. எலும்பு டாக்டரை மூணாவது மாடிக்கு மாத்திட்டாங்களாம். லிப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும்தானாம். என்னால முடியல, பாதிப் படியிலயே உட்கார்ந்துட்டேன். அங்க என்னை மாதிரி எத்தனையோ பேர், கால்ல மாவுக்கட்டோட. எல்லாம் சூப்பரண்டு பண்ண வேலைன்னு உன்னைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நீ... நீ என்னம்மா சொன்னே?"

அம்மா தைலப் புட்டியை மூடினாள்.

"நானும் சேர்ந்து திட்டினேன்ப்பா. சும்மா இருந்தா, உன்னைப் பெத்தவ நான்தான்னு தெரிஞ்சிடுமோன்னு பயமா இருந்துச்சு."