புல் வரட்டும்

பிடரியில் ஈரமாக ஏதோ விழுந்தது.

குருவி எச்சம் என்றுதான் முதலில் நினைத்தார். தடவிப் பார்த்தால் ரொட்டி. பாலில் தோய்த்த ரொட்டித் துணுக்கு.

படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் அந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மடியில் மணல் கலந்த புல் விதை. மூன்றாம் தடவையாக விதைக்கிறார்.

விதை வாங்கக் கடைக்குப் போய்வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்தான். விதைப் பொட்டலம் கையோடு கிடைத்துவிட்டதால், வீட்டுக்குள் போகாமல் பின்வாசல் வழியாக நேரே தோட்டத்துக்கு வந்துவிட்டார். உள்ளே கட்டிலில் இருப்பவளுக்கு அது தெரியாது.

பேருந்தை முட்டுச்சந்துக்குள் விட்டுத் திருப்பச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு திருப்புவார். புல்லைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? கேட்டுக் கேட்டுத்தான் செய்தார். மண்ணைக் கொத்தினார், கல் பொறுக்கினார், தண்ணீர் நிரப்பிய டிரம்மை உருட்டிச் சமன் செய்தார். விதையை நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை தூவினார். விதை அடித்துக்கொண்டு போகாமல் பூவாளியால் தூறல் போல நனைத்தார். தன் காலே படக்கூடாதென்று ஒரு பலகையைப் போட்டு அதன்மேல்தான் நடந்தார்.

எல்லாம் அவளுக்காக. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனவளிடம், கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்ட அன்றே சொன்னார்:

“புல்லு வரட்டும்டி. உன்னைத் தூக்கிட்டுப் போய் அதுல நிறுத்துறேன். வெறுங்காலோட நடந்தா தன்னால பழகிடும்.”

அவள் சிரித்தாள். அந்தக் கோணல் சிரிப்பை நம்பித்தான் அவர் மண்வெட்டியை எடுத்தார்.

புல்தான் வரவில்லை. விதைத்த அன்றைக்கே ஊர்ப்பட்ட குருவியும் புறாவும் வந்து இறங்கின. விழலுக்கு இறைத்த நீர் என்பார்கள். இவர் இறைத்த நீருக்கு விழல்கூட முளைக்கவில்லை.

“புல்லு போடுறீங்களா, பறவைக்குப் பந்தி போடுறீங்களா?” என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார் பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தார். தட்டைத் தட்டினார். வலை கட்டினார். ஒரு குருவியின் கால் வலையில் சிக்கிக்கொண்டது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்து அவள் அழுத அழுகையில், அன்றே அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டார்.

ஒரே ஓர் ஆறுதல், அவள் நன்றாகச் சாப்பிட்டாள். காலையில் வைத்துவிட்டுப் போகிற ரொட்டித் தட்டு, திரும்பி வரும்போது துடைத்த மாதிரி இருக்கும். ஆனாலும் ஏன் இப்படி உருகிப்போகிறாள் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

இன்னொரு துணுக்கு விழுந்தது. தோளில் பட்டு மண்ணில் உருண்டது. அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் கம்பிக்கு வெளியே அவளுடைய இடது கை மட்டும் தெரிந்தது. நடுங்கி நடுங்கி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மதில்மேல் குருவிகள் கூடிவிட்டன.

எழுந்து கத்தியிருப்பார். வாய்வரை வந்துவிட்டது.

“சீக்கிரம் வாங்கடி,” என்றது மேலே குழறிய குரல். “ரொட்டியையும் தின்னுங்க, அவரு தூவுனதையும் ஒண்ணு விடாம தின்னுங்க. புல்லு வந்துட்டா அந்த மனுஷன் என்னைத் தூக்கி நிறுத்திப் பார்ப்பாரு. நான் விழுந்துடுவேன். அப்புறம் எதைச் சொல்லி அவரு காலைல எந்திரிப்பாரு?”

எழப்போனவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கைகால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பெண் லீவில் போயிருக்கிறாள் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அந்தப் பெண் லீவில் போகவில்லை. இனிமேல் நடக்க வாய்ப்பில்லை, நான் வந்தும் பயனில்லை என்று வாசலில் வைத்துக் கைவிரித்துவிட்டுத்தான் போனாள். அன்று மாலைதான் அவர் போய் முதல் பொட்டலம் விதை வாங்கி வந்தார். அந்தச் சேதி இந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

பலகை எட்டத்தில் கிடந்தது. எழுந்தால் அவள் கண்ணில் படுவார். சுவரோரமாக, தான் நனைத்த மண்மீதே மண்டியிட்டுத் தவழ்ந்து போனார். விதையெல்லாம் முழங்காலில் அப்பியது. அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுவது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

பின்வாசலில் முகம் கழுவினார். முன்வாசலுக்குச் சுற்றிப்போய், அப்போதுதான் கடையிலிருந்து வருகிறவர் போலச் செருப்பைச் சத்தமாகக் கழற்றிப் போட்டார்.

“விதை கெடைச்சுதா?” என்று கேட்டாள். தட்டு காலியாக இருந்தது.

“கெடைச்சுது. நல்ல ரகமாம். இந்தத் தடவை கட்டாயம் வந்துடும்.”

மறுநாள் காலை அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு ரொட்டியைப் பாலில் தோய்த்து, கடைசி வாய்வரை தன் கையால் ஊட்டினார். பிறகு தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தார். ஜன்னல் கதவை நன்றாகத் திறந்துவிட்டு, கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினார்.