ஒன்பதாவது படம்

ஏழைகளின் கண்ணீரைத் துடைப்பதற்காகவே இளங்கோ இந்தப் பூமியில் அவதரித்திருந்தான். துடைக்க மாதம் பதினெட்டாயிரம், பெட்ரோல் தனி.

இன்றைக்கு அந்த அவதாரத்துக்கே ஆபத்து. சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு வீட்டுக் கூரைக்காவது நன்கொடை வராவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அறக்கட்டளை அலுவலகத்தில் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். கழுத்தில் அட்டை, கையில் ஆல்பம், முகத்தில் சோகம் சகிதமாக மலைமேல் செம்மேடு பஸ் நிறுத்தத்தில் நின்றான்.

அவனைக் கண்டதும் ஜனங்களுக்குத் திடீர் வேலைகள் முளைத்தன. ஒருவர் அணைந்த செல்போனில் பேசினார். அருவி பார்க்க வந்த இளைஞன் ஒருவன் தமிழே தெரியாதவனாகிவிட்டான். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் டீக்கடையில் சர்க்கரை கம்மி என்று சண்டை பிடித்தவன்.

கடைசியில் சிக்கியவர்கள் காரிலிருந்து இறங்கிய நாமக்கல் கோழிப்பண்ணை முதலாளி தனசேகரனும் அவர் மனைவி நாகலட்சுமியும்தான். அவர்கள் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் அந்தப் பக்கம் இளங்கோ இருந்தான். "ஒரே நிமிஷம் சார்" என்று பத்து நிமிஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நீங்க குடிக்கிற ஒரு டீ காசு சார்..."

"நான் டீ குடிக்கறதில்ல."

அதற்குள் நாகலட்சுமியின் முந்தானையில் ஒரு சிவப்பு ரிப்பனைக் குத்தியாகிவிட்டது. ஆல்பத்தையும் அவள் கையில் திணித்துவிட்டுத் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். வாங்கிய கை வெறுமனே திருப்பித் தராது என்பது பயிற்சியில் சொல்லிக் கொடுத்த தத்துவம்.

ஒன்பதாவது படத்தில் அந்த அம்மாளின் கை நின்றது. சாய்ந்த ஓலைக்கூரை, மண் தரை, கதவுக்குப் பதில் ஒரு கிழிந்த சாக்கு. அடியில் கொட்டை எழுத்தில்: 'ஒழுகும் கூரையின் கீழே ஆறு உயிர்கள்!'

படம் இளங்கோவே எடுத்தது. தூறலில் நனைய மனமில்லாமல், அலுவலகக் காரைவிட்டு இறங்காமலே எடுத்தான். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்ற ஒருத்தியிடம், கண்ணாடியை நாலு விரல் இறக்கி, "உள்ளே எத்தனை?" என்று கேட்டான். "ஆறுங்க" என்றாள். கள ஆய்வு முடிந்தது.

"இதெல்லாம் எங்கியோ வடநாட்டுப் படமா இருக்கும்" என்றார் தனசேகரன். "எத்தன வசூல் டப்பாக்காரனப் பாத்திருக்கறேன். வழிய உடு தம்பி."

அந்த நேரம் பார்த்து, தோளில் இரண்டு கயிறுகளைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு ஒரு மலைக்காரப் பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். இளங்கோ பாய்ந்துபோய்க் குறுக்கே நின்றான்.

"அம்மா, உங்களுக்கு இந்த மலைதானே?"

"ஆமாங்க, வளப்பூர் நாடு. என்னப் பொன்னாயிம்பாங்க. காசெல்லாம் இல்லீங்க, உடுங்க, பஸ் போயிரும்."

"காசு வேண்டாம்மா. இந்தப் படத்தைப் பாத்துட்டு, இது இந்த மலைதான்னு ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

பொன்னாயி பார்த்தாள். ஆல்பத்தைக் கிட்டே இழுத்து மறுபடி பார்த்தாள். "அட, இது நம்முளுதுங்க!"

இளங்கோவுக்குப் புல்லரித்தது. தேடிப் போனாலும் கிடைக்காத சாட்சி, பஸ் பிடிக்க வந்த இடத்தில் கிடைத்திருக்கிறது. தனசேகரன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

நாகலட்சுமி அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "ஏங்கண்ணு, ஆறும் இதுக்குள்ளயா படுக்குது?"

"மழ பேஞ்சா ஒண்ணு மேல ஒண்ணு நெருக்கிட்டுப் படுத்துக்குமுங்க. பழகிப்போச்சு."

"ஒழுகுமே சாமி?"

"ஒழுகத்தான் செய்யுது. போன மழையில சின்னதுக்குச் சளி புடிச்சு, விடிய விடியக் கத்திட்டே கெடந்துச்சுங்க."

நாகலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு புருஷனிடம் திரும்பினாள். "ஏனுங்க, நம்ம கோழிக்கே ஃபேன் போட்டிருக்கறமுங்க!"

தனசேகரன் செல்போனை எடுத்தார். "செரி, ஒரு கூரைக்கு எவ்வளவுப்பா?"

"நாப்பதாயிரம் சார்." ஸ்கேன் பண்ணும் அட்டையை நீட்டிய இளங்கோ, குரலில் சந்தோஷம் தலைகாட்டிவிடாமல் பார்த்துக்கொண்டான்.

தனசேகரனின் விரல் திரைக்கு மேலே நின்றது. "ஆறு உசுருக்கும் நல்ல தகரமாப் போட்டுக் குடுத்துரோணும், ஆமா."

"ஆறில்லீங்க" என்றாள் பொன்னாயி. பொய் சொல்லி வாங்கிப் பழக்கமில்லை அவளுக்கு. அதற்கெல்லாம் சம்பளத்துக்கு ஆள் இருப்பதும் தெரியாது. "இப்ப நாலுதானுங்க. ரெண்ட இன்னிக்குக் காலையில வித்துட்டனுங்க."

பற்றியிருந்த கையை நாகலட்சுமி உதறினாள். "வித்துட்டியா? அடிப்பாவி, எப்படி மனசு வந்துச்சு உனக்கு?"

நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. தமிழ் தெரியாத இளைஞன்கூட வாயைப் பிளந்தான். இளங்கோ ஒரு கணம் திகைத்தான். அடுத்த கணமே பத்தாவது படத்துக்கு வாசகம் யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

பொன்னாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நழுவிய கயிறுகளைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

"ஏனுங்க, ஆட்ட விக்காம பின்ன என்னங்க பண்றது?"