கிளிசரின் இல்லாமல்

“இன்னிக்கு எத்தனை, மணி?”

“ரெண்டுதாங்க.”

“ரெண்டே ரெண்டா? பத்தாதே!” போனில் கணவர் அர்ச்சுனன் சிரித்தார்.

“பேச்சப் பாரு. மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன், போட்டேன். வூட்டுக்கு எப்ப வர்ற?”

“வெள்ளிக்கிழம.”

சென்னையில் படப்பிடிப்பு முடியும் ஒவ்வொரு மாலையும் இதே கேள்விதான். கேமரா முன்னால் மணிமேகலை அன்று எத்தனை முறை அழுதாள் என்று கேட்டு, ஏரியூர் வீட்டில் தொங்கும் உரக்கடைக் காலண்டரில் அந்தத் தேதிக்கு நேராகப் பென்சிலால் எழுதி வைப்பார்.

மறுநாள் விடியற்காலையில் தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பப் போனவர், வரப்பிலேயே சாய்ந்துவிட்டார்.

மணிமேகலை காரிலிருந்து இறங்கியபோது உச்சிவெயில். பந்தலில் இருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் அழுவதைப் பார்க்க வேண்டும். நாடக மேடையில் தொடங்கி, அறுபது சினிமா முடித்து, இப்போது வீட்டுக்கு வீடு ஓடும் சீரியலில் வந்து நிற்கிறாள். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு சொட்டு கிளிசரின் தொட்டதில்லை என்பதுதான் அவளுக்கு இருக்கும் பெயர். எதை நினைத்து அழுகிறீர்கள் என்று கேட்காத பேட்டி கிடையாது. “அத மட்டும் கேக்காதீங்க” என்று சிரித்து நகர்ந்துவிடுவாள்.

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் காய்ந்து கிடந்தது.

“டீவில பக்கத்து வூட்டு நாய் செத்தாக்கூட ஒப்பாரி வெப்பா. இங்க பாருடி.”

“ஆக்சன்னு யாராச்சும் சொல்லணுமோ என்னமோ.”

இருபது வருஷமாக அவளுக்கு மேக்கப் போடும் மெஹ்ஜபீன் கூடவே வந்திருந்தாள். மெல்லக் குனிந்து, துப்பட்டா மறைவில் ஒரு சின்ன சீசாவை மணிமேகலையின் கையில் திணித்தாள்.

“மணிக்கா, ரெண்டே சொட்டு. புதுப் பொண்ணுங்களுக்குன்னு பையில வெச்சிருந்தது. ஊர் வாய அடைக்கணுமில்ல?”

“இவருக்குப் போயி இதா? வேணாம், மெஹ்ஜு.” சீசாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

பெட்டியைத் திறந்து வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அரிசித் தட்டைப் பிடித்திருந்தவள் அர்ச்சுனனின் அக்கா பெரியம்மாள். பங்காளிகள் போட்டார்கள், பெண்கள் போட்டார்கள். மணிமேகலை கையை நீட்டியபோது தட்டு பின்னால் போனது.

“நீ தள்ளு. ஒரு சொட்டுக் கண்ணீர் வுடாதவ கையால எந்தம்பிக்கு அரிசி வேணாம்.”

“அண்ணி, தடுக்காதீங்க. இவருக்கு நான் செய்யற கடைசிக் காரியம் இது.”

“அப்ப அழு. யாரு யாருக்கோ அழுதியே! எந்தம்பிக்கு ஒருதரம் அழுதா கொறஞ்சா போயிடுவ?”

மணிமேகலை எழுந்து உள்ளே போனாள். சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து பெரியம்மாளின் மடியில் வைத்தாள்.

“இது என்னன்னு தெரியுங்களா?”

“ஏன் தெரியாது? நீ அழுததையெல்லாம் எழுதி வெச்சிருக்கான். அவனுக்கு வேற வேல இல்ல.”

“கல்யாணமான புதுசுல, தீர்த்தமலைத் திருவிழா நாடகம். புருசன் செத்துக் கெடக்கறான், நான் அழணும். வரவே மாட்டேங்குது. சனமெல்லாம் சிரிக்குது. கண்ண மூடி ஒண்ணு நெனச்சேன். பொலபொலன்னு கொட்டிடுச்சு. அன்னிலருந்து இன்னிக்கு வரைக்கும் அந்த ஒண்ணுதாங்க அண்ணி.”

“அப்படி என்னத்தடி நெனச்ச?”

மணிமேகலை பெட்டியைப் பார்த்தாள்.

“இதத்தாங்க. இவரு இப்படிக் கெடக்கறத. இவருகிட்டச் சொன்னேன். ‘உசுரோட இருக்கறவன நெனச்சு அழுதா அவனுக்கு ஆயுசு கூடும் புள்ள, நல்லா அழு’ன்னு சிரிச்சாரு. கூடுன ஆயுசத்தான் தெனமும் எழுதி வெச்சாரு.”

பெரியம்மாள் அரிசித் தட்டை அவள் பக்கம் நீட்டினாள். மடியில் கிடந்த காலண்டரில் நேற்றைய தேதிக்கு நேராக, பென்சிலில், 2 என்றே இருந்தது.