நட்சத்திரத்துக்கு ஒரு கொலுசு

சீத்தா கேம்ப் சந்தில் இருட்டத் தொடங்குகிறது. காகித நட்சத்திரத்தைக் கூரை விளிம்பில் கட்டிவிட்டு என் கணவர் சிங்கராயர் ஏணியில் நிற்கிறார். எலி கடித்ததில் வயரின் ஒரு இழை ஒரு சாண் குறைகிறது. சந்து முனையில் கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்களின் டிரம் கேட்கிறது. போன வருடம் நட்சத்திரம் எரியாததால் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். வாசலில் கிடந்த துருப்பிடித்த கட்டுக்கம்பியை அவர் இடையில் முறுக்குகிறார். எரியவில்லை. “துருவுக்குள்ள கரண்டு நுழையாது, அன்னம். நல்ல இரும்புலயே எலக்ட்ரான் காலைல குர்லா ஸ்டேஷன் சனம் மாதிரி இடிபட்டுத்தான் போவும். செம்புல அவ்வளவு இடி கிடையாது, ஆனா இப்போ வீட்டுல ஒரு துண்டு இல்ல.” மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றுகிறவருக்கு ஏணியிலும் வாய் நிற்காது. “செம்பை விட நல்லது ஒண்ணும் இல்லியா?” என்கிறேன். “வெள்ளி இருக்கு. ஞாயித்துக்கிழமை பிளாட்பாரம் மாதிரி சும்மா ஓடும். இப்போ வெள்ளிக்கு எங்க போக?” நான் குனிந்து வலது கால் கொலுசைக் கழற்றுகிறேன். “ஏட்டி, கல்யாணக் கொலுசுட்டி!” “பாட்டுக்காரங்க வந்துட்டாங்க, பிடிங்க!” கொலுசின் இரண்டு முனையிலும் வயரை முறுக்கி, விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார். பளிச்சென்று சிவப்பு வெளிச்சம் அவர் முகத்தில், பல்லில், வியர்வையில் விழுகிறது. “எரியுதுட்டி அன்னம்!” அவர் குதிக்கிற குதியில் ஏணி ஆடுகிறது. நான் அதைக் கட்டிப் பிடித்தபடி சிரிக்கிறேன். டிரம் எங்கள் வாசல் பக்கம் திரும்புகிறது.

அவர் இல்லாத மூன்றாவது கிறிஸ்துமஸ் இது. அந்தக் கொலுசை நான் வயரிலிருந்து கழற்றவில்லை. கறுத்துப் போயிருக்கிறது. சுவிட்சைப் போட்டேன். எரிகிறது.