மூன்றாவது எதற்கு?

“ஏ மதினி, உங்க வயித்துக்குள்ள யாரோ பூச்சட்டி கொளுத்தி வச்சிருக்காக!”

கத்திய ஆவுடைத்தாயின் கையைத் தட்டினாள் வேலுத்தாய். “சும்மா இரு. டாக்டரு வையப் போறாக.”

ஆவுடைத்தாய் வேலுத்தாயின் கணவனுக்குத் தங்கை. துணைக்கு வந்தவள். நாத்தனாரை அடக்கினாளே தவிர, ஸ்கேன் கட்டிலில் படுத்திருந்த வேலுத்தாயும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவே சிவப்பும் நீலமுமாகப் பொறிகள் சிதறின. பத்து வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவள். சத்தமே இல்லாமல் இப்படி ஒரு மத்தாப்பை அவள் பார்த்ததில்லை.

டாக்டர் ஜெமிமா சிரிக்கவில்லை. “அது உன்னோட ரத்த ஓட்டம்மா.”

“ரத்தமா? வயித்தைத் தொறக்காமலே தெரியுதா!”

“தெரியுது. ஆனா இந்த இடத்துல இம்புட்டு ரத்தம் ஓடக் கூடாது. கர்ப்பப்பைக்கும் நஞ்சுக்கொடிக்கும் நடுவுல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு இருக்கணும். அது இருந்தாத்தான் பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடி தானாக் கழண்டு வரும். உனக்கு அந்தக் கோடே இல்ல. நஞ்சுக்கொடி பழைய ஆபரேஷன் தழும்புல வேர்விட்டுப் பிடிச்சிருக்கு.”

வேலுத்தாய் திரையில் அந்தக் கோட்டைத் தேடினாள். “எங்க கம்பெனியில குழாயோட மருந்து ஒட்டிக்கிட்டா சுரண்ட மாட்டோம் டாக்டர். உரசுனா பத்திக்கிடும். குழாயோட சேத்துத் தண்ணித் தொட்டியில போட்டுருவோம்.”

ஜெமிமாவின் கை நின்றது. படித்த புத்தகம் எதிலும் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதியிருக்கவில்லை.

“அதேதான்மா. பிடிச்சு இழுத்தா ரத்தம் நிக்காது. உசுருக்கே ஆபத்து. நல்லவேளை, முன்னாடியே தெரிஞ்சு போச்சு. வலி வர்ற வரைக்கும் காத்திருக்காம மதுரைக்குப் போயிரு. ரத்தமெல்லாம் தயாரா வச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்துருவாங்க. அப்புறம் கர்ப்பப்பையையும் சேத்து எடுத்துருவாங்க.”

கர்ப்பப்பை என்றதும் ஆவுடைத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்றாள் வேலுத்தாய்.

“வந்ததுல இருந்து பிள்ளை, பிள்ளைங்கிற. உன் உசுரைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா?”

“பிள்ளை கிடக்கட்டும் டாக்டர்,” தரையிலிருந்து ஆவுடைத்தாய் விம்மினாள். “எங்க மதினியைக் காப்பாத்திக் குடுத்துருங்க.”

ஜெமிமா ஃபைலைப் புரட்டினார். “ரெண்டு பிரசவமும் ஆபரேஷன். ரெண்டும் பொண்ணு. ரெண்டாவதுலேயே குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கச் சொல்லியிருப்பாங்களே?”

“சொன்னாக. நாந்தான் வேண்டாம்னுட்டேன்.”

“ஏன்?”

“இன்னொண்ணு பெறணும்னு இருந்துச்சு.”

“ஆம்பளைப் பிள்ளை! அதுக்காக உசுரைப் பணயம் வைப்பீங்க.” டாக்டரின் கோபம் தரையில் இருந்தவள் பக்கம் திரும்பியது. “அண்ணனுக்கு வாரிசு வேணும்னு நீயும் தூபம் போட்டிருப்ப. இப்ப அழுது என்ன செய்ய?”

ஆவுடைத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அவளை வையாதீக டாக்டர். எந்தப் பிள்ளையா இருந்தாலும் எங்களுக்குச் சம்மதந்தான்.”

மதுரை மருத்துவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கியதும் ஜெமிமாவின் குரல் தணிந்தது. “ஆபரேஷனுக்கு அப்புறம் நீ ஒரு மாசமாவது அசையக் கூடாது. பச்சைப் பிள்ளையை யாரு பாத்துக்குவா?”

“அதோட அம்மாதான்.”

பேனா நின்றது. ஜெமிமா நிமிர்ந்து பார்த்தார்.

வேலுத்தாய் கட்டிலிலிருந்து கையை நீட்டி நாத்தனாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “எட்டு வருசத்துக்கு முன்னால பிரசவத்துல இவளுக்குப் பிள்ளையும் போச்சு, கர்ப்பப்பையும் போச்சு டாக்டர். இவளுக்குக் குடுக்கத்தான் இதைச் சுமக்கேன்.”